கான்கிரீட் இறுகும் முன்: அரசாங்க நிதியில் எழும் திட்டங்களில் மின்னிலக்க இணைப்பைத் திட்டமிட முழு வழிகாட்டி

பலதுறை மருந்தகம், ரயில் நிலையம், உணவங்காடி நிலையம் என எதுவாக இருந்தாலும் சிங்கப்பூரில் அரசாங்கப் பணத்தில் எழும் கட்டுமானம் ஐம்பது ஆண்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அதற்குள் இழுக்கும் கண்ணாடி இழை கேபிள் 20, 25 ஆண்டு தாங்கும். கேபிளின் முனையில் உட்கார்ந்து தகவலைப் பிரித்து அனுப்பும் வலைப்பின்னல் சுவிட்சை ஏழு ஆண்டுக்குள் மாற்ற வேண்டிவரும். சேவை ஒப்பந்தத்தின் காலம் மூன்று ஆண்டு, அதிகம் போனால் ஐந்து. நான்குக்கும் நான்கு ஆயுள். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் இவை எல்லாமே ‘தொலைத்தொடர்பு வேலைகள்’ என்ற ஒரே தலைப்பில் சேர்ந்துவிடுகின்றன. செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் முதலில் வெட்டப்படுவது, கண்ணுக்குத் தெரியாத காலிக் குழாயும் காலி அறையும்தான். சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். தரைக்கு அடியில் போடாமல் விட்ட குழாயை அப்படி வாங்க முடியாது.

சிங்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புக் கடன் சட்டம் இந்த ஆயுள் கணக்கை வெளிப்படையாகவே பேசுகிறது. குறைந்தது 4 பில்லியன் வெள்ளி மதிப்பும் 50 ஆண்டு பயன்பாடும் உள்ள தேசியத் திட்டங்களுக்கு மட்டுமே அதன்கீழ் கடன் பெறலாம். சுமையைப் பல தலைமுறைகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதே அதற்கான நியாயம். உங்கள் திட்டம் அவ்வளவு பெரியதாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரிக்க இதே அளவுகோல் உதவும்: குழாய், ரைசர் (தளங்களுக்கு இடையே கேபிள் மேலேறும் செங்குத்துப் பாதை), அறை மூன்றும் கட்டுமானச் செலவு, கேபிள் தனி வரி, மின்னணுக் கருவிகள் மாற்று நிதியுடன் சேர்த்து இன்னொரு வரி, மாதக் கட்டணமும் பராமரிப்பும் நடப்புச் செலவு. இப்படிப் பிரித்து எழுதியிருந்தால், சேமிக்கச் சொல்லும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது நிதிப் பிரிவுக்கும் புரியும்.

படி 1: முனைகளை எண்ணுங்கள்

‘இணைய வசதி வேண்டும்’ என்பதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. தளம் தளமாக, அறை அறையாக எந்தக் கருவி எங்கே வரும் என்று எழுதுங்கள். கணினியையும் வைஃபையையும் யாரும் மறப்பதில்லை. விட்டுப்போவது மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, குளிர்விப்பான் கட்டுப்பாடு, தண்ணீர் மீட்டர், மின்வாகன மின்னேற்றி, கட்டண முனையம், வரிசை எண் திரை, கூரையில் உள்ள சூரியத்தகட்டு இன்வர்ட்டர் போன்றவை.

எடுத்துக்காட்டாக ஐந்து மாடிச் சமூகக் கட்டடம் ஒன்றை வைத்துக்கொள்வோம். 60 வைஃபை முனைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள், ஆக 120. கேமரா 140. கட்டட மேலாண்மைக் கருவிகள் 40. திரைகளும் முனையங்களும் 30. மொத்தம் 330 இணைப்பு. இதனுடன் 30 விழுக்காடு கூட்டினால் 429. கேபிள்கள் வந்து முடியும் 48 துளைப் பலகை, அதாவது பேட்ச் பேனல், ஒன்பது வைத்தால் 432 கிடைக்கும். அந்த 30 விழுக்காட்டை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கட்டடம் திறந்த முதல் ஈராண்டிலேயே அதில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

மின்சாரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். கேமராவுக்கு 15 வாட் என்றால் 2,100 வாட். வைஃபை முனைக்கு 30 வாட் என்றால் 1,800 வாட். இந்த 3.9 கிலோவாட் முழுவதும் ஈதர்நெட் கேபிள் வழியாகத்தான் போகிறது. மின்தடையின்போது மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் யூபிஎஸ் இதைச் சுமந்தாக வேண்டும். ஆனால் இந்த வெப்பம் சுவிட்ச் அறையில் சேர்வதில்லை, பெரும்பகுதி கருவி இருக்கும் இடத்தில் வெளியேறுகிறது. அறையின் குளிரூட்டிக்குச் சுவிட்சின் சொந்த இழப்பையும் யூபிஎஸ்ஸின் இழப்பையும் கணக்கில் எடுத்தால் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, யூபிஎஸ்ஸைச் சிறிதாகவும் குளிரூட்டியைப் பெரிதாகவும் வாங்கிவிடுகிறார்கள்.

படி 2: யாரிடம், எப்போது போக வேண்டும்

கட்டடத்துக்குள் இருக்க வேண்டிய தொலைத்தொடர்பு வசதிகளைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் நடைமுறை விதித்தொகுப்பு, துறையினர் பேச்சில் ‘கோப்பிஃப்’, வரையறுக்கிறது. நுழைவுக் குழாய், வெளிக் கேபிள்கள் வந்து முடியும் எம்டிஎஃப் அறை, டிஇஆர் எனப்படும் தொலைத்தொடர்புக் கருவி அறை, ரைசர் என எல்லாவற்றையும் கட்டுபவர்தான் தர வேண்டும். கைத்தொலைபேசி நிறுவனங்களின் கருவிகளுக்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடத்துக்கு வாடகை கேட்க முடியாது. உரிமையாளர் அரசு நிறுவனம் என்பதால் இதில் விலக்கு கிடைக்கும் என்று எண்ணி வரைபடம் போடாதீர்கள்.

தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழை பெரும்பாலும் நெட்லிங்க் என்ற இழைக் கட்டமைப்பு நிறுவனத்துடையது. அதன்மேல் சேவை தருபவர்கள் வேறு நிறுவனங்கள். அதனால் ‘சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருக்கத் தேவையில்லை. நுழைவுக் குழாயின் இடத்தை யார் சேவை தரப்போகிறார் என்று தெரியாமலேயே முடிவு செய்யலாம், முடிவு செய்யவும் வேண்டும்.

கால ஒழுங்கு இன்னும் இறுகிவருகிறது. மொத்தத் தளப்பரப்பு 30,000 சதுர மீட்டருக்குக் குறையாத புதிய திட்டங்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல், கட்டட அனுமதிக்கான இணையத்தளமான கோர்நெட் எக்ஸ் கட்டாயம். பல அரசு அமைப்புகள் கட்டடத்தின் ஒரே மின்னிலக்க ‘பிம்’ மாதிரியை, வடிவமைப்பு வாயில் எனும் அனுமதிக் கட்டத்திலேயே சேர்ந்து பார்க்கின்றன. அந்த வாயிலைத் தாண்டிய பிறகு டிஇஆர் அறையை இரண்டு மீட்டர் நகர்த்துவது சின்ன வேலை அல்ல. அதன் சுவரோடு தீயணைப்புப் பிரிவும் காற்றுக் குழாயும் மின் ரைசரும் சேர்ந்து நகர வேண்டும். தொலைத்தொடர்பு ஆலோசகரைக் கட்டடக் கலைஞர் முதல் தளவரைவு போடும் வாரத்திலேயே அழையுங்கள்.

படி 3: இரண்டு நுழைவு, இரண்டு வழி

2013 அக்டோபர் 9 அன்று புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தின் கேபிள் அறையில் தீப்பிடித்தது. பராமரிப்பு வேலையில் பயன்படுத்திய தீச்சுடர் கருவியே காரணம். தீவின் வடக்கிலும் மேற்கிலும் வீடுகளும் அலுவலகங்களும் வங்கிக் கிளைகளும் இணைப்பை இழந்தன. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தாலும், இரண்டு கேபிளும் ஒரே அறை வழியாகப் போனால் அது ஒரே இணைப்புதான் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டிவிட முடியாது.

ஆகவே ‘மாற்று இணைப்பு வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். கட்டடத்தின் இரு வேறு பக்கங்களில் இரண்டு நுழைவு, இரு வேறு சாலைகளில் உள்ள ஆட்துளைகள், உள்ளே வந்த பிறகும் சேராத இரண்டு ரைசர், முடிந்தால் இரு வேறு தொலைபேசி நிலையங்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதி, வரைபடத்தோடு கேளுங்கள். சேவை நிறுவனம் தரும் வழித்தடப் படங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டடத்தை ஒட்டிய கடைசி 50 மீட்டரில்தான் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எல்லாக் கட்டடத்துக்கும் இது தேவையா? தேவையில்லை. ஒரு பூங்காக் கழிப்பறைத் தொகுதிக்கு ஒரு நுழைவும் கைத்தொலைபேசி வழி மாற்று இணைப்பும் போதும். மருத்துவமனை, ரயில் கட்டுப்பாடு, வெள்ள நீர் இறைப்பு நிலையம் போன்றவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

படி 4: குழாய்க் கணக்கு

உள்விட்டம் 100 மி.மீ. உள்ள குழாயின் குறுக்குப் பரப்பு சுமார் 7,850 சதுர மி.மீ. இரண்டுக்கு மேற்பட்ட கேபிள் போகும்போது 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது வழக்கமான விதி. அதாவது ஏறக்குறைய 3,140 சதுர மி.மீ. வெளிவிட்டம் 32 மி.மீ. உள்ள துணைக்குழாய் ஒன்றின் பரப்பு 804. மூன்று போட்டால் 2,412, சரி. நான்கு போட்டால் 3,216, எல்லை தாண்டிவிடும். நான்காவது நேரான பாதையில் நுழைந்துவிடும். முதல் வளைவில் முறுக்கிக்கொண்டு, மற்ற மூன்றில் ஒன்றையும் சேர்த்து நசுக்கும்.

இரண்டு இழுப்புக் குழிகளுக்கு இடையே 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தே தீரும் என்றால் நடுவில் ஒரு குழி வையுங்கள். காலிக் குழாய் ஒவ்வொன்றிலும் இழுப்புக் கயிறும் இரு முனையிலும் மூடியும் இருக்க வேண்டும். மூடியில்லாத குழாயில் மழைநீரோடு மண் இறங்கி, ஓராண்டில் அடைத்துக்கொள்ளும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் குழாயை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். இல்லையென்றால் நிரம்பிய ஆட்துளையின் தண்ணீர் குழாய் வழியாக நேரே எம்டிஎஃப் அறைக்குத்தான் வரும். இங்குள்ள மழைக்கு ஆட்துளை நிரம்பாத மாதமே கிடையாது என்று வைத்துக்கொண்டு வடிவமையுங்கள்.

புதிய வட்டாரம் முழுவதையும் திட்டமிடும் வாய்ப்பு கிடைத்தால் பொதுச் சேவைச் சுரங்கத்தைப் பற்றி யோசியுங்கள். மரினா பேயில் தொலைத்தொடர்பு கேபிள், மின்சாரம், குடிநீர், நியூவாட்டர், வட்டாரக் குளிரூட்டல் என எல்லாம் ஒரே சுரங்கத்தில் போகின்றன. சாலையைத் தோண்டாமல் கேபிள் சேர்க்க முடிவது பெரிய வரம். ஆனால் தொடக்கச் செலவு மிக அதிகம். காலி நிலத்தில் ஒரு நகரையே எழுப்பும்போதுதான் அது கட்டுபடியாகும், பழைய வட்டாரத்தில் ஒரு புளோக்குக்காக அல்ல.

படி 5: அறைகள்

எம்டிஎஃப் அறையைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டாம். இடமே இல்லாமல் வைத்தாலும் கழிப்பறை, குளிர்நீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எதுவும் அதன் மேற்கூரையில் போகக் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகம் வெள்ளத் தடுப்புக்காக விதிக்கும் குறைந்தபட்சத் தளமட்டத்தையும் அடித்தள நுழைவு மட்டத்தையும் அறையின் வரைபடத்திலேயே குறித்துவையுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை குளிரூட்டலில்தான். அறையின் குளிரூட்டியைக் கட்டடத்தின் பொதுக் குளிர்விப்பானோடு இணைத்துவிடுவார்கள். இரவு பத்து மணிக்குக் குளிர்விப்பான் நிற்கும். கருவிகள் நிற்காது. விடியற்காலையில் அறை 40 பாகை செல்சியஸைத் தாண்டும். யூபிஎஸ் மின்கலம் இரண்டே ஆண்டில் வீங்கும்போதுதான் காரணம் தெரியும். தனியாக இயங்கும் இரண்டு குளிரூட்டிகள், மாறி மாறி ஓடும் அமைப்பு, அவசர மின்னாக்கியிலிருந்து மின்சாரம் ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சுவரில் துளையிட்டுக் கேபிள் போகும் ஒவ்வோர் இடத்திலும் தீத்தடுப்பு அடைப்பு வேண்டும். பிறகு கேபிள் சேர்க்க வருபவர் அதை உடைப்பார், பெரும்பாலும் திரும்ப அடைக்க மாட்டார். திறந்து மூடக்கூடிய அடைப்பை ரைசரில் முதலிலேயே பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

படி 6: கேபிள் தேர்வு

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடிமின்னல் உண்டு. அருகில் விழும் மின்னல் இரு கட்டடங்களின் தரையிணைப்பு மட்டங்களுக்கு இடையே உண்டாக்கும் வேறுபாடு செம்பு வழியாகப் பாய்ந்து இரு முனைச் சுவிட்சையும் சேர்த்தே எரிக்கும். உலோகக் கவசமில்லாத கண்ணாடி இழை போடுங்கள். விளக்குக் கம்பத்தில் கேமரா வைத்தால் மின்னல் தடுப்பான் இரு முனையிலும் வேண்டும்.

உள்ளே, கேட் 6 வகைச் செம்புக் கேபிளில் 10 கிகாபிட் வேகம் 55 மீட்டருக்குத்தான் போகும், கட்டுக் கட்டாகப் போனால் 37 மீட்டராகக் குறையும். கேட் 6ஏ போட்டால் 100 மீட்டர் கிடைக்கும். அந்த நூற்றிலும் நிலையான பகுதி 90 மீட்டர்தான், மீதிப் பத்து இரு முனைகளின் பேட்ச் கயிறுக்கு. இந்த 90 மீட்டர், 20 பாகை வெப்பத்துக்கான கணக்கு என்பதை நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை. குளிரூட்டாத கூரை இடைவெளியில் 40 பாகை இருந்தால், ஒவ்வொரு பாகைக்கும் 0.4 விழுக்காடு இழப்பு கூடி, பாதுகாப்பான நீளம் சுமார் 83 மீட்டராகச் சுருங்கும். கேபிள் வழியே மின்சாரமும் போனால் கட்டின் நடுவில் வெப்பம் இன்னும் ஏறும். கூரையின் கீழ் 24 கேபிளுக்கு மேல் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். டிஇஆர் அறைகளை 75 மீட்டர் தூரத்துக்குள் எல்லா முனையும் அடங்கும்படி வைத்தால் தலைவலி குறையும்.

அறைகளையும் கட்டடங்களையும் இணைக்கும் முதுகெலும்புக் கேபிளுக்கு, ஒளி ஒரே பாதையில் செல்லும் ஒற்றைமுறை இழை மட்டும் போதும். பல்முறை இழையில் மிச்சமாகும் காசு அடுத்த மேம்பாட்டிலேயே போய்விடும். வெளியே ஜி.652டி வகை இழை, கட்டடத்துக்குள் வளைவு தாங்கும் ஜி.657ஏ2 வகை. நாட்டின் அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 2024ல் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவிப்பு வந்தது. தெருவில் ஏற்கெனவே ஓடும் இழை அப்படியே இருக்க, இரு முனைக் கருவியையும் மாற்றினாலே புதிய வேகம் கிடைக்கிறது. பழைய சேவையும், 10 கிகாபிட் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் தொழில்நுட்பமும் வெவ்வேறு ஒளி அலைநீளத்தில் ஒரே இழையில் சேர்ந்து ஓட முடியும். நல்ல இழையை ஒருமுறை போடுவதன் பலன் இதுதான்.

படி 7: ஒளி இழப்புக் கணக்கு

ஆறு கிலோமீட்டர் இணைப்பு ஒன்றைப் பார்ப்போம். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் ஒளி இழப்பு, ஆக 2.1. இழைத் துண்டுகளைச் சேர்க்கும் எட்டு ஒட்டு, ஒன்றுக்கு 0.1, ஆக 0.8. நான்கு இணைப்பான், ஒன்றுக்கு 0.5, ஆக 2.0. மொத்தம் 4.9 டெசிபெல். ஒளியை அனுப்பிப் பெறும், பத்து கிலோமீட்டர் வரை என விற்கும் 10 கிகாபிட் ‘எல்ஆர்’ வகைக் கருவி தாங்குவது 6.2 டெசிபெல்தான். மிச்சம் 1.3. எதிர்காலப் பழுது ஒட்டுகளுக்கு 3 டெசிபெல் ஒதுக்க நினைத்தால் இது போதாது. தூரத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் முதல் கேபிள் வெட்டுக்குப் பிறகு இதைக் கண்டுபிடிப்பார். நடுவில் தேவையில்லாத பேட்ச் பேனலை எடுத்துவிட்டு நேரே ஒட்டினால் இரண்டு இணைப்பான் குறையும், ஒரு டெசிபெல் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பதிலாக ‘இஆர்’ வகை வாங்கினால் 40 கிலோமீட்டருக்கான அதன் ஒளி ஆறு கிலோமீட்டருக்கு மிக அதிகம். ஒளிக்குறைப்பான் போடாவிட்டால் எதிர்முனை ஏற்பியின் எல்லை தாண்டிவிடலாம்.

படி 8: கைத்தொலைபேசி அலை

வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி அலையையும் தடுக்கும். 20, 30 டெசிபெல் வரை போகும். பசுமைச் சான்றுக்காகத் தேர்ந்தெடுத்த கண்ணாடியே உள்ளே சிக்னல் இல்லாமல் போகக் காரணமாவதுண்டு. கண்ணாடி முடிவாகும் நாளிலேயே உட்புற ஆன்டெனாவும் முடிவாக வேண்டும்.

ஆன்டெனாவுக்கு அலையைக் கொண்டுபோகும் அரை அங்குல ஃபீடர் கேபிளில் 900 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 7 டெசிபெல் இழப்பு. 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அது இரட்டிப்பாகும். ஆகவே பழைய கட்டடத்தில் நன்றாக ஓடிய அமைப்பை அப்படியே நகலெடுத்தால் கடைசி ஆன்டெனாவில் எதுவும் மிஞ்சாது. நீண்ட தாழ்வாரம், அடித்தளம், சுரங்கம் ஆகியவற்றில் தொலைமுனைக் கருவிவரை இழையைக் கொண்டுபோய், ஃபீடரைக் குறுக்குங்கள். சுரங்கத்தில் ஒளிக்கசிவு போல அலையைக் கசியவிடும் கேபிள் வழக்கம். அங்கே புகை குறைந்த, ஹாலஜன் இல்லாத உறை கட்டாயம் என்று எழுதுங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே அமைப்பைப் பகிர்ந்தால் கூரையில் ஓர் ஆன்டெனாக் காட்டைத் தவிர்க்கலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. வீட்டுக் காப்பறையின் தடித்த கான்கிரீட்டுக்குள் ரவுட்டரை வைத்தால் அடுத்த அறைக்கே வைஃபை எட்டாது. இழை முடியும் பெட்டியை வரவேற்பறைப் பக்கம் வைப்பது வரைபடத்தில் ஒரு கோடுதான், குடியிருப்பவருக்குப் பல ஆண்டு நிம்மதி.

படி 9: ஏலக்குத்தகை ஆவணம்

‘தகுந்த’, ‘போதுமான’ என்ற சொற்களை நீக்கிவிட்டு எண்ணை எழுதுங்கள். குழாய் எத்தனை, எந்த விட்டம், எந்த ஆழம், எத்தனை காலி. தொலைத்தொடர்பை ஒரு தற்காலிகத் தொகையாக விட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வசதியான பொறி. பொதுத் துறைக் கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகளின்கீழ் அது மாற்று ஆணையாகத் திரும்பி வரும், போட்டி இல்லாத விலையில்.

யார் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஒரு பட்டியலில் காட்டுங்கள். குழாய் கட்டுமான ஒப்பந்தக்காரருடையது, கருவிகளை அடுக்கும் ரேக்கின் மின் இணைப்பு மின்பணியாளருடையது, இழை ஒட்டு தொலைத்தொடர்புக்காரருடையது என்று எழுதாவிட்டால், ரேக்கின் தரையிணைப்புக் கம்பி யாருடையது என்பதற்கே இரண்டு மாதம் போகும்.

கட்டட மேலாண்மை, கேமரா, பொதுமக்கள் வைஃபை ஆகிய மூன்றும் ஒரே சுவிட்சில் இருந்தாலும் ஒரே வலைப்பின்னலில் இருக்கக் கூடாது. அரசு நிறுவனங்களுக்கு, அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப விதிகளைக் கொண்ட ஐஎம்8 கையேடு பொருந்தும். முக்கியத் தகவல் உள்கட்டமைப்பாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு 2018 இணையப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. தொலைவிலிருந்து பராமரிக்க விற்பனையாளர் கேட்கும் வழியை ஆவணத்திலேயே கட்டுப்படுத்துங்கள், பிறகு பேச முடியாது.

படி 10: தோண்டும் முன்னும் மூடும் முன்னும்

வரைபடங்கள், உரிமம் பெற்ற கேபிள் கண்டறிவாளர், பிறகு கையால் தோண்டும் சோதனைக் குழி. இந்த வரிசையை அவசரத்துக்காக மாற்றாதீர்கள். வரைபடம் காட்டும் இடத்தில் கேபிள் இருக்கும் என்று நம்பி இயந்திரத்தை இறக்கியவர்களால்தான் பெரும்பாலான வெட்டுகள் நடக்கின்றன.

குழாய் போட்டதும், மூடுவதற்கு முன், குழி திறந்திருக்கும்போதே அளவெடுங்கள். சிங்கப்பூர் நில அளவை முறையான எஸ்விஒய்21 ஆயத்தொலைவிலும் சிங்கப்பூர் உயர மட்டத்திலும் ஒவ்வொரு வளைவையும் பதியுங்கள். ‘நடைபாதை ஓரத்திலிருந்து 1.2 மீட்டர்’ என்ற குறிப்பு, நடைபாதையே நகர்ந்த பிறகு யாருக்கும் உதவாது.

படி 11: சோதனையும் ஒப்படைப்பும்

குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய சோதனைக் கட்டையை ஒவ்வொரு குழாயிலும் இழுத்துப் பாருங்கள், காலிக் குழாயிலும்தான். தரை பூசிய பிறகு மட்டும் செய்தால் பயனில்லை, கான்கிரீட்டுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் செய்யுங்கள்.

இழைக்குள் ஒளியை அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியால் இழையை இரு திசையிலும், 1310, 1550 இரண்டு அலைநீளத்திலும் அளவிடுங்கள். ஓர் இடத்தில் 1550ல் இழப்பு 1310ஐவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் அங்கே ஒட்டு மோசமில்லை, இழை எங்கோ இறுக வளைந்திருக்கிறது. பெரும்பாலும் ஒட்டுத் தட்டின் மூடியிலோ கேபிள் கட்டிலோ காரணம் கிடைக்கும். ஒரே திசையில் அளந்த அறிக்கையை ஏற்காதீர்கள். இரு வேறு இழை சேரும் ஒட்டில் ஒரு பக்கம் இழப்பாகவும் மறுபக்கம் லாபமாகவும் தெரியும், சராசரிதான் உண்மை. இணைப்பான் முனையை நுண்ணோக்கியில் பார்க்காமல் செருக விடாதீர்கள்.

செம்புக் கேபிளில் ‘நிலையான இணைப்பு’ சோதனையைக் கேளுங்கள். பேட்ச் கயிறோடு சேர்த்த சோதனையில் தேறியது, கயிற்றை மாற்றியதும் விழலாம்.

ஒப்படைக்கும்போது காகிதக் கோப்பு மட்டும் வாங்காதீர்கள். சோதனைக் கருவியின் மூலக் கோப்புகள், சுவிட்சுகளின் கடவுச்சொல்லும் உரிமங்களும், ஒவ்வொரு பேனல் துளைக்கும் அறை எண்ணோடு பொருந்தும் அட்டவணை, காலி இழைகளின் பட்டியல் ஆகியவற்றை உரிமையாளர் பெயரில் பெற்றுக்கொள்ளுங்கள். குறை நீக்கக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அதே ஓடிடிஆர் சோதனையை மீண்டும் செய்து முதல் கோப்போடு ஒப்பிடுங்கள். மாறியிருக்கும் ஒட்டை ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்ய அதுதான் கடைசித் தருணம்.